எண்டோஸ்கோப்பியில் ஒன்றும் இல்லை என்கிறார்கள். ஆனாலும் சாப்பிட்டால் வயிறு வலிக்கிறது, எடை குறைகிறது. சிறுகுடலில் கோளாறு இருக்குமா?

இருக்கக்கூடும். வாய்வழியாகச் செய்யும் எண்டோஸ்கோப்பி பொதுவாக முன்சிறுகுடலோடு நின்றுவிடும். அதற்கப்பால் பல மீட்டர் நீளத்துக்குச் சிறுகுடல் இருக்கிறது. நான் மருத்துவர் அல்லன். உங்கள் நோய் இதுதான் என்று சொல்லவும் வரவில்லை.

என் அம்மாவுக்குச் சாப்பிட்ட சிறிது நேரத்தில் தொப்புளைச் சுற்றி வலி எடுக்கும். வலப்பக்க அடிவயிற்றில் ஏதோ திரண்டு உருள்வது கைக்குத் தட்டுப்படும். பிறகு பக்கத்து அறைவரை கேட்கும்படி வயிறு இரைந்து, வலி சட்டென்று அடங்கும். ஒரு மருத்துவமனையில் "கேஸ்தான்" என்று மாதக்கணக்கில் அல்சர் மாத்திரையே கொடுத்தார்கள். அதற்குள் 58 கிலோ இருந்தவர் 43 கிலோவுக்கு வந்துவிட்டார். ரவிக்கைகளையெல்லாம் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது.

மாலையில் காய்ச்சல் வருகிறதா என்று வேறொரு மருத்துவர் கேட்ட பிறகுதான் வழி திறந்தது. கொலோனோஸ்கோப்பிக் குழாயைப் பெருங்குடல் வழியாகச் சிறுகுடலின் கடைசிப் பகுதிக்குள் செலுத்தித் திசு எடுத்துப் பார்த்ததில், குடல் காசநோய் என்று உறுதியானது. சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தைத்தான் இந்நோய் அதிகம் பிடிக்கிறது. அங்கே குடல் தடித்துச் சுருங்கிவிடுவதால், உணவு நெருக்கிக்கொண்டு போகும்போது அந்த வலியும் இரைச்சலும் வருகின்றன. வைட்டமின் பி12-ஐயும், கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த உப்புகளையும் உடல் உறிஞ்சிக்கொள்வதும் அந்தப் பகுதியில்தான் என்பதால், அது கெட்டால் இரத்தசோகை வரலாம். உறிஞ்சப்படாத பித்த உப்பு பெருங்குடலுக்குப் போய் நீர்நீராகப் பேதியாகலாம். குடலில் நாள்பட்ட அழற்சியை உண்டாக்கும் கிரோன் நோயும் ஏறக்குறைய இப்படியே தோன்றும்; காசநோயைக் கிரோன் என்று கருதி, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீராய்டு கொடுத்தால் காசநோய் முற்றிவிடக்கூடும். திசுப் பரிசோதனையை நான் வலியுறுத்துவது அதனால்தான். ஆய்வுக்கூடங்களுக்கு ஆள் பிடிக்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம்.

ஆறு மாத மருந்து அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைத்தது. அதிலுள்ள ரிஃபாம்பிசின் என்ற மருந்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும்; அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. நோயைவிட அம்மாவை வருத்தியது உறவினர்கள் தனித் தட்டும் தனித் தம்ளரும் வைத்ததுதான். காசநோய் தட்டாலோ தம்ளராலோ பரவுவதில்லை. நுரையீரலிலோ தொண்டையிலோ நோய் இல்லாதவரிடமிருந்து இருமலால் தொற்றுவதும் இல்லை. படித்தவர்களே இப்படி நடந்துகொண்டதை என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

எடை குறைவதால், சிறுகுடலின் கடைசிப் பகுதியையும் பார்க்க வேண்டுமா என்று குடல் மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். வயிறு உப்பி, வாந்தி எடுத்து, மலமும் காற்றும் பிரியாமல் நின்றுவிட்டால் அது குடல் அடைப்பாக இருக்கலாம். அன்றைக்கே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.