எல்லையோரக் கிராமங்களில் ஊர்மக்களிடம் அரசே துப்பாக்கி கொடுப்பது ஏன்?

ஜம்மு பகுதியில் இதற்குக் கிராமப் பாதுகாப்புக் குழு என்று பெயர். தீவிரவாதிகள் தாக்கினால் போலீசோ ராணுவமோ வந்து சேரும்வரை ஊரைக் காக்க, ஊர்க்காரர்களிலேயே சிலருக்கு அரசு ஆயுதமும் பயிற்சியும் தருகிறது. 1990களின் நடுவில் தொடங்கியது, 2022இல் மாற்றியமைத்தார்கள்.

காரணம் அங்குள்ள நில அமைப்புதான். மலைச்சரிவில் வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும், பக்கத்திலேயே காடு, இருட்டில் நாலு பேர் துப்பாக்கியோடு இறங்கி வந்தால் உதவி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ரஜோரி மாவட்டம் டாங்ரியில் 2023 ஜனவரி 1 மாலை அப்படித்தான் வீடு புகுந்து சுட்டார்கள். கொடுமை அதோடு நிற்கவில்லை. மறுநாள் காலை, துக்கத்துக்கு ஆட்கள் கூடியிருந்த வீட்டருகே வைத்திருந்த குண்டு வெடித்து இரண்டு குழந்தைகளும் இறந்தார்கள். மொத்தம் 7 உயிர்கள்.

தீயணைப்பு வண்டி வரும்வரை கட்டடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் தீயணைப்பான் கைகொடுக்கும் இல்லையா, முதல் சில நிமிடங்களுக்கு இந்தக் குழு செய்வதும் அதுதான்.

அப்புறம், பலர் நினைப்பதுபோல இது யாருடைய சொந்தப் படையும் இல்லை. மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் கட்டுப்பாட்டில்தான் இயங்குகிறது, காட்டுக்குள் போய்த் தீவிரவாதிகளைத் தேடிப் பிடிப்பது இவர்கள் வேலையும் அல்ல.