பல் முளைக்கும் குழந்தையின் இரவு அழுகை

சகோதரி, செந்தூலில் உங்கள் ஏழு மாத மகன் மூன்று இரவாகத் தூங்கவில்லை, கீழ் ஈறு வீங்கியிருக்கிறது, மாமியார் தேன் தடவச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தேன் வேண்டவே வேண்டாம். ஒரு வயதுக்குள் அது பொட்டுலிசம் என்னும் கொடிய நோயைத் தரலாம். அவர் பாசத்தில் சொல்கிறார், பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். ஈறை மரத்துப்போகச் செய்யும் பென்சோகைன் ஜெல்லும் இரண்டு வயதுக்குள் ஆகாது.

சுத்தமான சிறு துணியை நனைத்துக் குளிர்சாதனப் பெட்டியில், உறையாத அளவுக்கு, வைத்தெடுத்து, நீங்கள் பிடித்தபடியே கடிக்கக் கொடுங்கள். என் மகளுக்கு நள்ளிரவில் கைகொடுத்தது, கழுவிய விரலால் ஈறை மெல்ல அழுத்தித் தேய்த்ததுதான். அதற்கும் அடங்காவிட்டால் பாரசிட்டமால். எடைக்கேற்ற அளவைக் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சல் 38 டிகிரியைத் தாண்டினால் பல்லின்மேல் பழி போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.