பீட் ரோஸுக்கு ஏன் இடமில்லை? கூப்பர்ஸ்டவுன் கிளம்பும் முன் ஒரு விளக்கம்

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். 13 வயது மகனுக்கு பேஸ்பால் என்றால் உயிர். இந்தக் கோடை விடுமுறையில் கூப்பர்ஸ்டவுனில் இருக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்கு அவனைக் கூட்டிப் போகிறோம். அதிக ஹிட் அடித்த பீட் ரோஸுக்கே அங்கே இடமில்லை, இது அநியாயம் என்று அவனுடைய கோச் சொல்லியிருக்கிறார். எனக்குக் கிரிக்கெட்தான் தெரியும். அவன் கேட்டால் என்ன பதில் சொல்வது? வேறு யார் யாரையெல்லாம் அங்கே பார்க்க முடியாது?

பதில்: முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். அங்கே தேர்வு பெற்றவர்களின் வெண்கலப் பட்டயங்கள் மாட்டிய கூடம் ஒன்று, விளையாட்டின் வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகம் ஒன்று என இரண்டும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. ரோஸுக்குப் பட்டயம்தான் கிடையாது. அவர் விளையாடிய காலத்துப் பொருள்கள் அருங்காட்சியகத்தில் உண்டு.

ரோஸ் 4,256 ஹிட் (பந்தை அடித்துப் பத்திரமாக பேஸை எட்டுவது) அடித்தவர், அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. 1989 ஆகஸ்டில் அவருக்கு பேஸ்பாலிலிருந்தே நிரந்தரத் தடை வந்தது. தடைப் பட்டியலில் இருப்பவரைக் கூடத்துக்குத் தேர்வு செய்ய முடியாது. சின்சினாட்டி ரெட்ஸ் அணிக்கு மேனேஜராக, அதாவது யாரை எப்போது களமிறக்குவது என்று முடிவெடுப்பவராக, இருந்துகொண்டே அதே அணியின் ஆட்டங்கள் மீது பந்தயம் கட்டினார் என்பது குற்றச்சாட்டு. 1987இல் மட்டும் 52 ஆட்டங்கள் என்று விசாரணை அறிக்கை சொன்னது. இல்லவே இல்லை என்று சாதித்தவர், 2004இல்தான் ஒப்புக்கொண்டார்.

"தன் அணி ஜெயிக்கும் என்றுதானே கட்டினார், அதில் என்ன தப்பு?" என்று பையன் கட்டாயம் கேட்பான். கோச்சும் அதைத்தான் சொல்லியிருப்பார். பணம் கட்டிய நாளில் எப்படியாவது ஜெயிக்க வேண்டும் என்று, ஓய்வு தேவைப்படும் பிட்சரையும் (பந்து எறிபவரையும்) களமிறக்கச் சொல்லும் ஆசை வரும். நாளைய ஆட்டம் அவருக்கு முக்கியமில்லை. அதோடு, அவர் கட்டாத நாளும் புக்கிகளுக்கு ஒரு செய்திதான்: இன்று மேனேஜருக்கே தன் அணி மேல் நம்பிக்கை இல்லை. கடனில் மாட்டினால் புக்கி சொல்வதைக் கேட்க வேண்டிய நிலையும் வரும். தன் ஆட்டத்தில் பந்தயம் கட்டினால் நிரந்தரத் தடை என்ற விதியை ஒவ்வொரு அணியின் உடைமாற்றும் அறையிலும் ஒட்டி வைத்திருப்பார்கள். ரோஸ் தினமும் அதைத் தாண்டித்தான் மைதானத்துக்குப் போனார். தடை சரி என்பதே என் கருத்து.

அந்த விதி அவ்வளவு கடுமையானதற்கு 1919 வேர்ல்டு சீரிஸ்தான் (அந்த ஆண்டின் சாம்பியனைத் தீர்மானிக்கும் தொடர்) காரணம். சிகாகோ வைட் சாக்ஸ் சுலபமாக ஜெயிக்கும் என்று எல்லோரும் நினைத்த தொடரில் சின்சினாட்டி 5-3 என்று வென்றது. முதல் ஆட்டத்தில் வைட் சாக்ஸ் பிட்சர் எடி சிகாட், எதிரணியின் முதல் ஆட்டக்காரர் மேலேயே பந்தை எறிந்தார். பணம் வாங்கிக்கொண்டு தோற்கும் பேரம் படிந்துவிட்டது என்று சூதாடிகளுக்குக் காட்டிய சைகை அது. அவருக்குக் கிடைத்த 10,000 டாலர் ஹோட்டல் தலையணைக்கு அடியில் இருந்ததாம். எட்டு வீரர்கள் மாட்டினார்கள். வழக்குக்கு முன்பே கிராண்ட் ஜூரி (வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் குழு) முன் கொடுத்த வாக்குமூல ஆவணங்கள் மாயமாயின. 1921 ஆகஸ்டில் ஜூரி அவர்களை விடுதலை செய்தது. மறுநாளே பேஸ்பாலின் தலைமை நிர்வாகியான கமிஷனர் லாண்டிஸ் எட்டுப் பேருக்கும் நிரந்தரத் தடை போட்டார். நீதிமன்றம் எது சொன்னாலும் சரி, ஆட்டத்தை விற்றவனும், விற்கும் பேச்சைக் கேட்டும் சொல்லாமல் இருந்தவனும் இனி ஆட முடியாது என்பது அவர் தீர்ப்பு.

இந்த எட்டுப் பேரில் ஷூலெஸ் ஜோ ஜாக்சன் பெயர் உங்கள் மகனுக்குத் தெரிந்திருக்கும். அவர் 5,000 டாலர் வாங்கினார், ஆனால் அந்தத் தொடரில் 12 ஹிட் அடித்தார். வேண்டுமென்றே சொதப்பினாரா என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. எட்டுப் பேரில் எனக்குப் பாவமாகத் தெரிபவர் பக் வீவர். பணம் வாங்கவில்லை, நன்றாகவே ஆடினார். பேரம் நடப்பது தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். 1956இல் சாகும்வரை மனு போட்டுக்கொண்டே இருந்தார்.

இப்போது அந்தக் கூடத்தில் வைட் சாக்ஸ் முதலாளி சார்லஸ் கோமிஸ்கியின் பட்டயத்தைத் தேடச் சொல்லுங்கள். இருக்கிறது, 1939 முதல். தொடர் நடக்கும்போதே சந்தேகம் அவர் காதுக்கு எட்டியிருந்தது. கிராண்ட் ஜூரி விசாரணை தொடங்கி விஷயம் வெளியே வந்த பிறகுதான், 1920 செப்டம்பரில், வீரர்களை இடைநீக்கம் செய்தார். தெரிந்தும் பேசாததற்கு வீவருக்கு ஆயுள் தடை, கோமிஸ்கிக்கு வெண்கலம். கோச் சொன்ன அநியாயம் உண்மையில் இங்கேதான் இருக்கிறது.

லாண்டிஸுக்கும் பட்டயம் உண்டு. 1920 முதல் 1944 வரை அவர் கமிஷனராக இருந்த காலத்தில் பெரிய லீகுகளில் ஒரு கறுப்பின வீரர்கூட ஆடவில்லை. எழுதப்படாத அந்தத் தடைக்கு 1880களிலேயே வேர் உண்டு. கறுப்பின வீரர் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் ஆடினால் தான் ஆட மாட்டேன் என்று முரண்டு பிடித்த கேப் ஆன்சனும் அதே கூடத்தில் இருக்கிறார். 1947 ஏப்ரல் 15 அன்று அந்தத் தடையை உடைத்து ஜாக்கி ராபின்சன் களமிறங்கினார். கறுப்பின வீரர்களுக்கென்று தனியாக நடந்த நீக்ரோ லீகின் நட்சத்திரம் ஜாஷ் கிப்சன் அதற்குச் சில மாதங்கள் முன்னால்தான் இறந்திருந்தார். பாஸ்டன் ரெட் சாக்ஸ் 1959 வரை ஒரு கறுப்பின வீரரையும் ஆட வைக்கவில்லை. அதன் முதலாளி டாம் யாக்கியும் கூடத்தில் உண்டு. என்னைக் கேட்டால், பேஸ்பாலின் ஆகப் பெரிய அவமானம் சூதாட்டமே இல்லை, இந்த அறுபது ஆண்டுகள்தான். லாண்டிஸ் பெயரை மிகச் சிறந்த வீரர் விருதிலிருந்து 2020இல்தான் எடுத்தார்கள்.

1985க்குப் பிறகு முதலாளிகள் கூடிப் பேசி, ஒப்பந்தம் முடிந்த வீரர்களுக்கு மற்ற அணிகள் விலை கேட்காமல் பார்த்துக்கொண்டார்கள். ஆண்ட்ரே டாசன் 1987இல் தொகை எழுதாத ஒப்பந்தத்தை சிகாகோ கப்ஸிடம் நீட்டி, நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்றார். அந்த ஆண்டு நேஷனல் லீகின் (இரண்டு பெரிய லீகுகளில் ஒன்று) மிகச் சிறந்த வீரர் அவர்தான்! கடைசியில் முதலாளிகள் 28 கோடி டாலர் கொடுத்து சமரசம் செய்தார்கள். எவருக்கும் தடை இல்லை.

ஸ்டீராய்டு என்ற ஊக்கமருந்துக் கதை பையனுக்கே தெரிந்திருக்கும். 762 ஹோம் ரன் அடித்த பேரி பாண்ட்ஸ், பிட்சர் ரோஜர் கிளெமன்ஸ் இருவருக்கும் முறையான தடை எதுவும் இல்லை. கூடத்துக்கு ஆட்களைத் தேர்வு செய்யும் பேஸ்பால் எழுத்தாளர்கள் பத்து ஆண்டுகள் வாக்களித்தும் தேவையான 75 சதவீதம் தரவில்லை. அந்தக் காலத்தில் கமிஷனராக இருந்த பட் செலிக் 2017இல் உள்ளே போய்விட்டார்.

கடைசியாக, ரோஸ் விஷயத்தில் கோச்சின் தகவல் கொஞ்சம் பழசாகியிருக்கலாம். 2024 செப்டம்பரில் ரோஸ் இறந்தார். தடை ஆயுளோடு முடிகிறது என்று 2025 மே மாதம் கமிஷனர் ராப் மேன்ஃப்ரெட் அறிவித்தார். ரோஸ், ஜாக்சன், வீவர் உட்பட இறந்துபோன பலர் தடைப் பட்டியலிலிருந்து நீங்கினார்கள். பழைய கால வீரர்களைப் பரிசீலிக்கும் குழு அடுத்து 2027 டிசம்பரில் கூடும்போது அவர்கள் பெயரை எடுக்கலாம். 16 பேரில் 12 வாக்கு வேண்டும். வீவருக்கு வாக்குப் போடுவாயா, ரோஸுக்குப் போடுவாயா என்று திரும்பி வரும்போது காரில் பையனிடம் கேட்டுப் பாருங்கள். ஒரே பதில் சொன்னால், ஏன் என்று கேளுங்கள்.