பட்டாபி வீணாப் போனாரா?

கேள்வி: டிவியில் எம்.எஸ்.பாஸ்கர் முகம் தெரிந்தாலே என் அப்பா இன்னமும் 'பட்டாபி வந்துட்டான்' என்கிறார். தேசிய விருது வாங்குகிற அளவு திறமை உள்ள மனுஷன், அத்தனை வருஷம் டிவி காமெடியில் வீணாகிவிட்டாரே?
(வாசகர், செல்லூர், மதுரை)

பதில்: வீணானார் என்று யார் சொன்னது? 'சின்ன பாப்பா பெரிய பாப்பா' சன் டிவியில் ஓடிய காலத்தில் அடுப்பில் பால் பொங்கினாலும் எழுந்து போகாத வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. அந்தத் தொடரில் பட்டாபியாக வந்த பாஸ்கர் டப்பிங்கிலும் கை தேர்ந்தவர். வேறொருவர் உதடு அசைகிற நேரத்துக்குள் தன் குரலை உட்கார வைக்கிற வேலை அது, கொஞ்சம் பிசகினாலும் மறுபடி பேச வேண்டும். காமெடியிலும் அதே கணக்குதான். அரை நொடி முந்தினால் சிரிப்பு வராது, பிந்தினால் எரிச்சல் வரும்.

2007-ல் 'மொழி' பார்க்கப் போயிருந்தேன். மகன் செத்த 1984-லேயே மனசு நின்றுபோன புரொபசராக அவர் வந்ததும், பின்சீட்டுக்காரர் "டேய், பட்டாபிடா" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். விஷயம் தெரியவந்தபோது அதே ஆள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அதுவரை நாம் எதற்குச் சிரித்தோமோ அதை நினைத்துத்தான் அந்த அழுகை. சிரிக்க வைக்கத் தெரியாத ஒருவர் அந்த வேஷத்தைக் கட்டியிருந்தால் பின்சீட்டுக்காரர் பாப்கார்ன் வாங்கப் போயிருப்பார்.

விருது வாங்கித் தந்தது 2023-ல் வந்த 'பார்க்கிங்'. 71-வது தேசிய விருதுகளில் சிறந்த துணை நடிகர், மலையாளத்து விஜயராகவனோடு பகிர்ந்துகொண்டார். ஒரே வீட்டில் குடியிருக்கிற ரெண்டு பேர் கார் நிறுத்தும் இடத்துக்காகக் கட்டிப் புரள்கிற கதை, செல்லூர்ச் சந்தில் இருக்கிறவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரு மதுரைக்காரர் இப்படிக் கேட்டதில்தான் எனக்குக் கோபம். 1918-ல் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் பாலர் சபை என்று சிறுவர் நாடகக் குழு தொடங்கிய ஊர் உங்களுடையது. இன்றைக்கும் சுற்றுவட்டாரத்துத் திருவிழாவில் வள்ளி திருமணம் நாடகம் போட்டால், கதாநாயகனான ராஜபார்ட்டுக்கு முன்னால் மேடை ஏறுவது கோமாளியான பபூன். ஒத்திகை கிடையாது. கூட்டம் பாயை விரித்துக்கொண்டிருக்கும், பிள்ளை ஒன்று அழும், கடலை விற்பவர் குறுக்கே நடப்பார், மைக் கொய்யென்று கத்தும். அத்தனையையும் ஒற்றை ஆளாக அடக்கி, மக்களை மேடைப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் அவர் உள்ளே போவார். அவரையும் 'வீணாப் போனவர்' என்பீர்களா? போன தடவை பார்த்த நாடகத்தில் முருகனாக வந்தவர் பெயர் நினைவிருக்கிறதா உங்களுக்கு? பபூன் சொன்ன ஜோக் மட்டும் நினைவிருக்கும்.

உங்கள் அப்பாவைத் திருத்த வேண்டாம், பட்டாபி என்றே கூப்பிடட்டும், இருபது வருஷம் தாண்டியும் அந்தப் பேர் வாயில் வருகிறதே. அப்புறம், அந்த 'வந்துட்டான்' மட்டும் 'வந்துட்டாரு' ஆகட்டும். ஆள் அறுபதைத் தாண்டியவர்.