வாசகர் கேள்வி – பதில்: ஒன்ராறியோ ஆறுகளில் சால்மன் பிடிப்பதற்கான வரம்புகள்

ஓகஸ்ட் மாத இறுதியில் ஒன்ராறியோ ஏரியிலிருந்து சால்மன் மீன்கள் ஆறுகளுக்குள் ஏறத் தொடங்குகின்றன. ரொறன்ரோவைச் சுற்றியுள்ள நம்மவர்கள் பலர் அந்த நாட்களில் தூண்டிலோடு ஆற்றங்கரைக்குப் போகிறார்கள். இது தொடர்பாக வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் அளிக்கப்படுகிறது.

கேள்வி: நானும் மனைவியும் 17 வயது மகனும் தூண்டில் போடுகிறோம். ஒருவர் ஒரு நாளைக்கு ஐந்து சால்மன் எடுக்கலாம் என்று நண்பர் கூறினார். அப்படியானால் சனிக்கிழமை ஐந்து, ஞாயிற்றுக்கிழமை ஐந்து எனப் பிடித்து உறைபெட்டியில் சேமிக்கலாமா? வீட்டில் இருக்கும் 68 வயது அம்மாவின் பங்கையும் நாங்களே பிடித்துக்கொள்ளலாமா? — வாசகர், ஸ்காபரோ

பதில்: நண்பர் கூறிய ஐந்து என்ற எண் முழு உரிமம் வைத்திருப்பவருக்கு மட்டுமே பொருந்தும். ஒன்ராறியோவில் மீன்பிடி உரிமம் இரண்டு வகைப்படும். கட்டணம் கூடிய முழு உரிமத்துக்கு ஐந்து மீன். கட்டணம் குறைந்த பாதுகாப்பு உரிமத்துக்கு இரண்டு மீன். பிடித்ததை விட்டுவிடவே விரும்புபவர்களுக்கும், ஒரு வேளைக் கறிக்கு ஒன்றிரண்டு போதும் என்பவர்களுக்கும் இரண்டாவது உரிமமே தாராளம். முதலில் உங்களிடமும் உங்கள் மனைவியிடமும் இருப்பது எது என்று உரிமத்தை எடுத்துப் பாருங்கள். மகனுக்கு உரிமம் வாங்க வேண்டியதில்லை. 18 வயதுக்கு உட்பட்ட, அல்லது 65 வயதை எட்டிய கனடிய வதிவாளர்கள் பிறந்த தேதி காட்டும் அரசு அடையாள அட்டையைக் கையில் வைத்திருந்தாலே போதும். முழு உரிமத்துக்கான வரம்பே அவர்களுக்கும் உண்டு.

அடுத்து, இந்த ஐந்து என்பது சால்மனுக்கு மட்டும் உரிய கணக்கு அன்று. சால்மன், அதற்கு நெருங்கிய உறவான ட்ரவுட் ஆகிய இனங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஐந்து. அந்த மொத்தத்துக்குள் சில இனங்களுக்குத் தனி வரம்பும் உண்டு. ஒன்ராறியோ ஏரியில் அத்லாந்திக் சால்மன் முழு உரிமத்துக்கு ஒன்று மட்டுமே. பாதுகாப்பு உரிமத்துக்கு ஒன்றுகூட இல்லை.

உங்கள் கேள்வியின் மையம் உறைபெட்டிதான். பலர் தெரியாமல் சட்டத்தை மீறுவதும் இங்கேதான். நாள் வரம்பு என்பது ஒரு நாளில் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடிய எண்ணிக்கை. அன்றே ஆற்றங்கரையில் சுட்டுத் தின்றதும், பக்கத்தில் நின்றவருக்குக் கொடுத்ததும் அதில் அடங்கும். இதைத் தவிர உடைமை வரம்பு என்று இன்னொன்று இருக்கிறது. உங்கள் கையில், வாகனத்தில், வீட்டு உறைபெட்டியில், வேறு எங்கே இருந்தாலும் உங்களுக்குச் சொந்தமாக உள்ள எல்லா மீன்களும் அந்தக் கணக்கில் வரும். வேறுவிதமாகக் குறிப்பிடப்படாத இடங்களில் இந்த உடைமை வரம்பும் நாள் வரம்பும் ஒரே எண். ஆகவே சனிக்கிழமை பிடித்த ஐந்தும் உறைபெட்டியில் அப்படியே இருந்தால், ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஒரு மீனைக்கூட வைத்துக்கொள்ள முடியாது. பிடித்ததும் நீரிலேயே திரும்ப விட்டுவிடலாம், அவ்வளவுதான். அந்த ஐந்தில் இரண்டைச் சமைத்து முடித்திருந்தால், இரண்டு மீனுக்கு இடம் உண்டு. வாரத்துக்கு 35 மீன் என்று பெருக்கிப் பார்க்கும் வழக்கத்தைத் தடுப்பதற்காகவே இந்த இரண்டாவது வரம்பு இருக்கிறது. என் பார்வையில் விதிநூலிலேயே மிகவும் பயனுள்ள ஏற்பாடு இதுதான்.

வீட்டில் இருக்கும் அம்மாவின் பெயரில் நீங்கள் மீன் பிடிக்க இயலாது. அவர் ஆற்றங்கரைக்கு வந்து தானே தூண்டில் போட்டால் அவருக்கு உரிய வரம்பு அவருக்கு உண்டு.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பிடித்த கணமே நீரில் விட்ட மீன் கணக்கில் வராது. ஆனால் கயிற்றில் கோத்தோ பெட்டியில் போட்டோ வைத்துவிட்டு, பெரிய மீன் கிடைத்ததும் சிறியதை விட்டுவிடுவது சால்மனுக்குச் செல்லாது; கோத்த அந்த மீன் உங்கள் ஐந்தில் ஒன்றாகிவிட்டது.

கேள்வி: எங்கள் ஊரின் டஃபின்ஸ் ஓடையில் ஒக்டோபரில் செத்த சால்மன்கள் கிடக்கின்றன. முட்டையிட்டதும் எப்படியும் செத்துப்போகிற மீனுக்கு ஏன் வரம்பு? சினையை மட்டும் எடுத்துக்கொண்டு மீனைக் கரையில் போட்டுவிடுபவர்களையும் கண்டிருக்கிறேன். — வாசகி, ஏஜாக்ஸ்

பதில்: நீங்கள் பார்ப்பவற்றில் பெரும்பாலானவை சினூக் சால்மன்கள். பசிபிக் கடற்கரைக்கு உரிய இந்த இனம், ஏரியில் அளவுக்கு மீறிப் பெருகிய ஏல்வைஃப் என்ற சிறு மீனைக் கட்டுப்படுத்துவதற்காகவும் தூண்டில்காரர்களுக்காகவும் 1960களின் இறுதியிலிருந்து ஏரியைச் சுற்றி விடப்பட்டது. முட்டையிட்ட பின் அது சாவது உண்மை. ஆனால் ஓடைக்குள் ஏறும் மீன் இன்னும் முட்டையிடாத மீன் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். பெண் மீன் பரல் நிறைந்த இடமாகப் பார்த்து, வாலால் அடித்தடித்துப் பள்ளம் பறித்து, சில ஆயிரம் முட்டைகளை இட்டுப் பரலால் மூடுகிறது. வசந்தத்தில் குஞ்சுகள் வெளிவந்து, சில மாதங்களுக்குள் ஏரிக்குப் போய்விடுகின்றன. ஒன்ராறியோ ஏரியின் சினூக் மீன்களில் ஏறத்தாழப் பாதி பண்ணையில் பொரித்தவை அல்ல, இப்படி ஆறுகளிலேயே பிறந்தவை. எனவே செத்துப்போகும் மீன்தானே என்று இன்று அள்ளுவது, மூன்று நான்கு ஆண்டுகள் கழித்துத் திரும்பி வரவேண்டிய மீனை எடுப்பதாகும். தண்ணீருக்குள் இறங்கி நடப்பவர்கள், சுற்றியுள்ள பரலைவிட வெளிர்நிறமாக, துப்புரவாகத் தெரியும் வட்டங்களை மிதிக்காமல் விலகிப்போக வேண்டும். அவைதான் முட்டைகள் புதைந்த இடங்கள்.

இதே ஏரியில் ஒரு காலத்தில் அத்லாந்திக் சால்மன் நிறைந்திருந்தது. ஆலைகளுக்காகக் கட்டிய அணைகள், காடழிப்பு, கட்டுப்பாடற்ற பிடி ஆகியவற்றால் 1898 ஆம் ஆண்டளவில் அது இந்த ஏரியிலிருந்து முற்றாக அற்றுப்போயிற்று. அதை மீட்கும் திட்டம் 2006 இல் தொடங்கியபோது தெரிவுசெய்யப்பட்ட நீர்நிலைகளில் உங்கள் டஃபின்ஸ் ஓடையும் ஒன்று. கிரெடிட் ஆறும் கோபர்க் ஓடையும் மற்றவை.

சினையை எடுத்துவிட்டு உண்ணத்தக்க மீனை அழுக விடுவது சட்டப்படி குற்றம். கரையில் எறிந்த அந்த மீனும் எறிந்தவருடைய நாள் வரம்பில் ஒன்றுதான். இதைக் கண்டால் நீங்கள் வாதாட வேண்டாம். இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு இயற்கை வள அமைச்சுக்கு அறிவியுங்கள்.

கேள்வி: அத்லாந்திக் சால்மனை மற்றவற்றிலிருந்து எப்படிப் பிரித்தறிவது? கரையிலேயே வெட்டித் துண்டமாக்கிக் கொண்டுபோகலாமா? — வாசகர், மிசிசாகா

பதில்: முதலில் வாயைத் திறந்து பாருங்கள். சினூக்கின் ஈறு கறுப்பாக இருக்கும். இன்னொரு பசிபிக் சால்மனான கோஹோவின் கீழ்த்தாடையில் பற்கள் நிற்கும் ஈறு மட்டும் வெளிறியிருக்கும். பிறகு வாலைப் பாருங்கள். சினூக்குக்கு வால் முழுவதும் புள்ளிகள், கோஹோவுக்கு மேல் பாதியில் மட்டும், அத்லாந்திக்குக்கு வாலில் புள்ளி இல்லை அல்லது மிகச் சில. ஆனால் அதன் செவுள் மூடியில் பெரிய கரும்புள்ளிகள் உண்டு. ஐயம் இருந்தால் மீனின் அடிப்பக்கத்தில் வாலுக்கு முன்னால் உள்ள துடுப்பைப் பாருங்கள்: பசிபிக் சால்மன்களுக்கு அது நீண்ட அடியோடு 13 அல்லது அதற்கு மேற்பட்ட கதிர்கள் கொண்டது, அத்லாந்திக்குக்கும் ட்ரவுட்டுக்கும் குட்டையானது. அதன்பிறகும் தெளிவில்லையென்றால் விட்டுவிடுங்கள்.

துண்டமாக்கும் விஷயத்தில் கவனம் தேவை. அதிகாரி பெட்டியைத் திறந்தால் எந்த இனம், எத்தனை மீன் என்று அவரால் சொல்ல முடிய வேண்டும். தோலை உரித்து ஒரே பையில் அடைத்த சதையை யாராலும் எண்ண முடியாது. தோலோடு துண்டமிட்டு, ஒவ்வொரு மீனையும் தனித்தனியாகக் கட்டுங்கள். நீள வரம்பு உள்ள இனமானால் அளக்கக்கூடிய நிலையில் முழு மீனாகவே வைத்திருக்க வேண்டும். வீட்டுக்குப் போய் வெட்டுவதே சுலபம்.

எந்த மீன் என்று தெரிந்தபின்னும், எந்த இடம் என்பதைப் பார்க்க மறக்காதீர்கள். மாகாணம் 20 மீன்வள வலயங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒன்ராறியோ ஏரி 20 ஆம் வலயம். அதில் வந்து விழும் ஆறுகளோ வேறு வலயங்களைச் சேர்ந்தவை. ஒரே ஆற்றின் கீழ்ப்பகுதி திறந்திருக்கும் போது மேல்பகுதி மூடப்பட்டிருக்கலாம். அமைச்சு ஆண்டுதோறும் வெளியிடும் விதித்தொகுப்பில் உங்கள் வலயத்தின் பொதுவிதியோடு நின்றுவிடாமல், அதன் கீழ் ஆற்றின் பெயர் சொல்லித் தரப்படும் விதிவிலக்குகளையும் மீன் சரணாலயங்களையும் படியுங்கள்.

கேள்வி: மீனின் முதுகில் தூண்டில் முள் கொழுவிவிட்டது. வைத்துக்கொள்ளலாமா? — வாசகர், பிக்கரிங்

பதில்: கூடாது. வாயில் அல்லாமல் வேறு எங்கே கொழுவினாலும் உடனே விட்டுவிட வேண்டும். வேண்டுமென்றே அப்படிக் கொழுவி இழுப்பது குற்றம்.

கேள்வி: அயலவர் ஒருவர் தாம் பிடித்த சால்மனையும் சினையையும் மலிவாகத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? — வாசகி, மார்க்கம்

பதில்: தூண்டிலில் பிடித்த மீனை விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது, சினைக்கும் அதே விதி. காசில்லாமல் அன்பளிப்பாகத் தந்தால் பெற்றுக்கொள்ளலாம். அந்த மீன் அவருடைய அன்றைய நாள் வரம்பில் ஏற்கெனவே எண்ணப்பட்டுவிட்டது; உங்கள் உறைபெட்டிக்குள் வந்தபின் உங்கள் உடைமை வரம்பிலும் எண்ணப்படும்.