மணி அடிப்பதற்கு முன் பத்து நிமிடம்

அன்புள்ள சார்,

உசிலம்பட்டிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறேன். காலாண்டு லீவு முடிந்து பள்ளி திறந்தால் அப்புறம் நாள் போவதே தெரிவதில்லை. தீபாவளி, மழை லீவு, உடனே அரையாண்டு. ரெக்கார்டு நோட்டு, ஒப்படைப்பு எல்லாவற்றையும் கடைசி வாரத்தில் தூங்காமல் எழுதிக்கொண்டு வருகிறார்கள். "இப்பவே ஆரம்பிங்கப்பா" என்று தொண்டை வற்றச் சொல்லியாயிற்று. பலர் விடியுமுன் பூ எடுத்துவிட்டு வருகிற பிள்ளைகள். திட்டவும் மனசு வரவில்லை. வேறு எப்படிச் சொல்வது?

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

திட்ட வராத அந்த மனசுதான் சரி. இருட்டில் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு, மொட்டு விரிவதற்குள் மல்லி பறித்துக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கு வருகிற பிள்ளையைச் சோம்பேறி என்று எப்படிச் சொல்வது? பனி இறங்கி, வரத்து குறைந்து, விலை ஏறும் நாட்களில் வீட்டில் ஒரு கையையும் சும்மா விடமாட்டார்கள். உழைப்புக்கு அவர்களிடம் பஞ்சமில்லை. சேர்ந்தாற்போல இரண்டு மணி நேரம்தான் கிடைப்பதில்லை. நாம் 'ஆரம்பி' என்றதும் அந்த இரண்டு மணி நேரம் வாய்க்கிற நாளுக்காகக் காத்திருக்கிறார்கள். அது கடைசி ராத்திரிதான் வாய்க்கிறது.

நான் மதுரையில் பிளஸ் ஒன் படித்தபோது தனி ஊசல் சோதனை, நூலில் குண்டைக் கட்டித் தொங்கவிட்டு ஆட்டிப் பார்ப்பது. நூலின் நீளத்தை மாற்றி மாற்றி, ஒவ்வொரு நீளத்துக்கும் 20 அலைவுக்கு ஆகும் நேரத்தை இரண்டு தடவை எடுக்கவேண்டும். எடுத்தேன். ஒரு துண்டுத்தாளில் குறித்துப் புத்தகத்துக்குள் செருகினேன். ஐந்து வாரம் அது அங்கேயே கிடந்தது. கையெழுத்து வாங்குவதற்கு முந்தைய இரவு, ரெக்கார்டு நோட்டில் கோடு போடாத பக்கத்தில் பென்சிலால் கட்டம் போட்டு நிரப்பிக்கொண்டே வந்தால், 90 செ.மீ.க்கு இரண்டாவது அளவைக் காணோம். சோதனை செய்த அன்றைக்கே கட்டத்தைப் போட்டிருந்தால் குண்டு எதிரிலேயே தொங்கியிருக்கும். திரும்ப எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ராத்திரியில் ஆய்வகமும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. முதல் அளவையே கொஞ்சம் மாற்றி எழுதிவைத்தேன். அது பொய் எண். இன்றைக்கும் உறுத்துகிறது.

முன்னாடியே தொடங்குவதன் லாபம் இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். எது விட்டுப்போயிற்று, எது புரியவில்லை என்பது, கேட்க ஆள் இருக்கும்போதே தெரிந்துவிடும். படித்த பெற்றோர் இருக்கிற வீட்டில் ராத்திரி பதினோரு மணிக்கு வரும் சந்தேகத்துக்கும் வழியுண்டு. உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள்தான், அதுவும் பள்ளி விடும்வரைதான்.

அதனால் 'ஆரம்பி' என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பாமல், வகுப்பிலேயே ஆரம்பிக்க வைத்துவிடுங்கள். வேலை கொடுக்கிற அன்றைக்கே, மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால் பாடத்தை நிறுத்திவிடலாம். தேதி, தலைப்பு, காலிக் கட்டம், கணக்கு என்றால் முதல் வரி. அவ்வளவு போதும். நீங்கள் வரிசைக்குள் நடந்து பாருங்கள். எழுதாமல் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு என்ன புரியவில்லை என்று அங்கேயே தெரியும். பத்து நிமிடத்தைப் பாடத்திலிருந்து எடுப்பதா என்று தலைமையாசிரியர் கேட்கலாம். உங்கள் பாடத்தின் 100 மதிப்பெண்ணில் எழுத்துத் தேர்வு 70தான். செய்முறை 20, அகமதிப்பீடு 10 என்பது அவருக்கும் தெரியும். அந்த 30-க்கும் இந்த மாதங்களில் செய்கிற வேலைதான் அடித்தளம்.

பொங்கலுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று அந்த வாரம் முழுக்கப் பிள்ளைகளின் மனசு வாடிவாசலில்தான் இருக்கும். இருக்கட்டும், அது அவர்கள் திருவிழா. அது முடிந்து மூச்சுவிடுவதற்குள் செய்முறைத் தேர்வு வந்து நிற்கும்.

வருகிற திங்கட்கிழமை ஒரு வகுப்பில் மட்டும் செய்து பாருங்கள். எத்தனை பேர் கை தூக்கிச் சந்தேகம் கேட்டார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.