பலகாரம் சுடப் போறீங்களா? முதல்ல பருப்பு விலையைக் கேளுங்க

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் வடச்சட்டியைச் சுற்றியே இருந்தன. முறுக்கு, தட்டுவடை, காராச்சேவு, மிக்சர். செய்முறையை உங்க அம்மாயி என்னைவிட நல்லாச் சொல்லுவாங்க. வாங்குகிற இடத்தில் காசு எங்கே வீணாகிறது என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம்.

கேள்வி: ஏனுங்க, போன நோம்பிக்கு (பண்டிகைக்கு) ஒரு கடையில மரச்செக்குக் கடலெண்ணெய்னு சொல்லி அஞ்சு லிட்டர் வாங்கினோமுங்க. மத்த கடையைவிட லிட்டருக்கு அறுபது எழுபது ரூவா கம்மி. மொத ஈடு முறுக்குப் போட்டதும் நுரை பொங்கி அடுப்பு மேலயே வழிஞ்சுருச்சு. கலப்படமுங்களா? (பெருந்துறை வாசகி)

பதில்: நுரையை வைத்துக் கலப்படம் என்று சொல்லிவிட முடியாதுங்க. ஆனால் அந்த விலையை நான் சந்தேகப்படுவேன்.

நுரையை முதலில் முடித்துவிடலாம். செக்கில் ஆட்டித் தெளியவிட்ட எண்ணெயில் பிசின் போன்ற பொருள்கள் கொஞ்சம் தங்கிவிடும். ரீபைண்டு செய்யும்போது அவற்றை எடுத்துவிடுவார்கள். மாவின் ஈரம் ஆவியாகி வெளியேறும்போது இந்தப் பிசின்தான் குமிழியை உடையவிடாமல் பிடித்து வைக்கிறது. அதனால் சுத்தமான செக்கெண்ணெயும் பொங்கும். அந்தக் காலத்தில் காய்ந்த எண்ணெயில் ஈரமில்லாத பழம்புளியைச் சின்ன உருண்டையாகப் போட்டு, கருகியதும் எடுத்துவிட்டுத்தான் முதல் ஈடு போடுவார்கள். அதையும் செய்யுங்க. சட்டியில் பாதிக்கு மேல் எண்ணெய் ஊற்றாமலும் இருங்க.

இனி விலை. செக்கில் ஆட்டினால் கடலைப்பருப்பில், அதாவது தோடு உடைத்த நிலக்கடலையில், எடைக்கு நூற்றுக்கு 40 பங்கு போல எண்ணெய் இறங்கும். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம். அப்படியானால் லிட்டருக்கு இரண்டேகால் கிலோ பருப்பு வேண்டும். கணக்குக்காகப் பருப்பு கிலோ 120 ரூபாய் என்று வையுங்க, 270 ரூபாய் ஆகிறது. மிச்சம் ஒண்ணேகால் கிலோ புண்ணாக்கு. அதைக் கிலோ 40க்கு விற்றால் 50 ரூபாய் திரும்பும். ஆக, ஆட்டுக்கூலி, கேன், கடை வாடகை, லாபம் எதையும் சேர்க்காமலே 220 ரூபாய். அன்றைய பருப்பு விலையையும் புண்ணாக்கு விலையையும் கேட்டு இதே கணக்கைப் போட்டுப் பாருங்க. வருகிற தொகைக்குக் கீழே ஒருவர் "சுத்தமான செக்கெண்ணெய்" விற்றால் அவர் நஷ்டத்துக்கு விற்க வேண்டும். அப்படி ஒரு செக்குக்காரரை நான் இதுவரை பார்த்ததில்லை.

விலை குறைவதற்குச் சட்டத்துக்கு உட்பட்ட வழியும் ஒன்று இருக்கிறது. "கலப்பு சமையல் எண்ணெய்" என்று லேபிளில் எழுதி இரண்டு எண்ணெயைக் கலந்து விற்கலாம். கலக்கும் எண்ணெய் ஒவ்வொன்றும் எடையில் 20 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதுதான் விதி. முன்பக்கம் குவியல் குவியலாகக் கடலைக்காய்ப் படம் போட்டிருக்கும். திருப்பிப் பார்த்தால் கடலெண்ணெய் 20, பாமாயில் 80 என்று இருக்கலாம். அதைத் தெரிந்து வாங்கினால் தப்பில்லை. இன்னொன்றும் கவனியுங்க: சதுரத்துக்குள் கறுப்புப் பெருக்கல் குறி இருந்தால் அது சாப்பிடுவதற்கானதல்ல, விளக்குக்கு. சமையல் எண்ணெய் அடுக்கி வைத்த அதே தட்டில் அதையும் வைத்திருக்கிற கடைகள் உண்டு.

கேனில் பிடித்துத் தரும் உதிரி எண்ணெய்க்குச் சட்டம் இடம் தரவில்லை. ஊரில் நடப்பது வேறு. ஏதாவது ஆகிவிட்டால் கையில் காட்ட லேபிள் இருக்காது என்பதுதான் பிரச்சினை.

பிரிட்ஜில் வைத்துப் பார்க்கச் சொல்லி உங்களுக்கும் யாராவது வீடியோ அனுப்பியிருப்பார்கள். பாமாயில் குளிரில் உறையும், சரி. ஆனால் நல்ல கடலெண்ணெயும் குளிர்ந்தால் கலங்கும். அதை வைத்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீங்க. உறுதியாகத் தெரிய வேண்டுமானால் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் 2006, பிரிவு 40 இருக்கிறது. கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதிக்கச் சாதாரண ஆளுக்கும் உரிமை உண்டு. பரிசோதனைக்குத்தான் வாங்குகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்ல வேண்டும். பொருள் தரம் கெட்டது என்று தெரியவந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அவ்வளவு தூரம் போக மனமில்லை என்றால் பில்லையும் லேபிளையும் போட்டோ எடுத்து, தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு (94440 42322) அனுப்புங்க.

நம்ம பக்கம் பருப்பை நாமே கொடுத்து ஆட்டிக்கொள்ளும் வசதி இன்னும் இருக்கிறது. அப்படிச் செய்தால் கறுத்த, சுருங்கிய, பூஞ்சை பிடித்த பருப்பைப் பொறுக்கி எறிந்துவிட்டுக் கொடுங்க. பூஞ்சை நஞ்சு ரீபைண்டு எண்ணெயில் பெரும்பாலும் நீங்கிவிடும், செக்கெண்ணெயில் தங்கிவிடும். என் வீட்டு வழக்கத்தைக் கேட்டால், பொரிப்பதற்கு ரீபைண்டு கடலெண்ணெய்தான். செக்கெண்ணெய் பருப்புப்பொடி போட்டுப் பிசையற சோத்துக்கும் சட்னித் தாளிப்புக்கும். அத்தனை விலை கொடுத்த வாசத்தை முறுக்கு சுட்டே புகையாக விடுவானேன்?

கேள்வி: சுட்டு முடிச்சதும் ஒண்ணரை லிட்டர் எண்ணெய் மிஞ்சுது. அடுத்த வாரம் மிக்சருக்கு அதையே வெச்சுக்கலாமுங்களா? (கோபிசெட்டிபாளையம்)

பதில்: வடிகட்டி, மூடி, சில நாளைக்குள் பொரியல், குழம்புத் தாளிப்புக்குத் தீர்த்துவிடுங்க. மறுபடி பொரிக்க வேண்டாம், புது எண்ணெயோடும் கலக்க வேண்டாம். ஓட்டல்களுக்கு 2018 ஜூலை 1 முதல் ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். எண்ணெய் கெடக் கெட அதில் கூடுகிற 'போலார்' சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது. வீட்டில் அளக்கக் கருவி இல்லை. நிறம் கறுத்து, பாகு மாதிரி கெட்டியாகி, அடுப்பில் வைத்த சூட்டுக்கே புகைந்தால் அதன் காலம் முடிந்தது. முதலிலேயே அகலச் சட்டியை விட்டு, குழிவான சின்ன வடச்சட்டியில் அரை லிட்டர் ஊற்றி, குறையக் குறையச் சேர்த்துச் சுட்டால் இவ்வளவு மிஞ்சாது. எங்கள் வீட்டுக் கணக்கில் ஒரு கிலோ மாவு கால் லிட்டருக்கு மேல், அரை லிட்டருக்குள் இழுக்கும்.

எண்ணெய் வடியச் செய்தித்தாள் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அச்சு மை சூட்டில் பலகாரத்தில் ஒட்டும். சல்லடைத் தட்டு போதும்.

கேள்வி: மில்லுல அரைச்ச மாவுல முறுக்கு கல்லாட்டம் வந்துச்சு. பாக்கெட் மாவுல நல்லா வந்துச்சு. இனி பாக்கெட்டே வாங்கிரலாமா? (நாமக்கல்)

பதில்: குறை மில்லில் இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பச்சரிசி நாலு பங்குக்கு உளுந்து ஒரு பங்கு, வாசம் வரும் வரை வறுத்து, நன்றாக ஆறிய பிறகு அரைத்தீர்களா? உளுந்து குறைந்தாலும், மாவு கொரகொரப்பாக இருந்தாலும், வெண்ணெயே சேர்க்காவிட்டாலும் கல்லாகத்தான் வரும். கிலோ மாவுக்கு 100 கிராம் ஊத்துக்குளி வெண்ணெய் போதும். ஆசைப்பட்டுக் கூடப் போட்டால் எண்ணெயிலேயே கரைந்து போகும்.

மில்லில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். உங்களுக்கு முன்னால் என்ன அரைத்தார்கள் என்று கேளுங்க. கோதுமையோ கம்போ என்றால் ஒரு கைப்பிடி அரிசியை முதலில் ஓட்டி, அந்த மாவைத் தனியாக வாங்கிக்கொண்டு, பிறகு மீதியைப் போடச் சொல்லுங்க. மிளகாய் அரைத்த கல் என்றால் வேறு மில்லுக்கு நடையைக் கட்டுங்க.

பாக்கெட் மாவு வாங்கினால் சேர்மானப் பட்டியலைப் படியுங்க. எது அதிக எடையோ அதுதான் முதலில் வர வேண்டும் என்பது விதி. "உளுந்து முறுக்கு மாவு" என்று பெரிதாக எழுதி, பட்டியலில் உளுந்து கடைசிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தால் நீங்கள் காசு கொடுப்பது அரிசி மாவுக்கு. பெருங்காயத்தில் கோதுமை அல்லது மைதா மாவு கலந்திருப்பது சகஜம். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் அந்த டப்பாவையும் திருப்பிப் பாருங்க.

கேள்வி: கடை மிக்சர் மாதிரி செக்கச்செவேல்னு வரோணும்னு மிளகாய்த்தூள் கூடப் போட்டேன். கறுத்து, கசந்து போச்சு. நல்ல தூள் எதுங்க? (சேலம்)

பதில்: தூள் நல்லதாகவே இருந்திருக்கலாம். மாவோடு பிசைந்த தூள் எண்ணெயில் கருகும். காராச்சேவுக்கு வரமிளகாயை ஊறவைத்து அரைத்து, வடிகட்டி, அந்தச் சாறில் பிசையுங்க. மிக்சர் என்றால் பொரித்து எடுத்த சூட்டோடு மேலே தூவிக் குலுக்குங்க. நிறத்துக்குப் பேடகி மிளகாய், காரத்துக்குக் குண்டூர். இரண்டையும் காம்போடு முழுசாக வாங்கி, காயவைத்து அரைத்தால் செங்கல் பொடி பயம் இல்லை. தூளாகத்தான் வாங்குகிறீர்கள் என்றால் ஒரு டம்ளர் தண்ணீரில் தூவிப் பாருங்க. சாயம் கோடு கோடாக உடனே இறங்கினால் செயற்கை நிறம். எண்ணெயில் கரையும் சூடான் என்கிற செயற்கைச் சாயத்தை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது என்பதையும் நினைவில் வையுங்க.

கேள்வி: ஆன்லைனில் பித்தளை முறுக்கு அச்சு வாங்கினேன். வந்தது முலாம் பூசிய இரும்பு. ஒரு தட்டு உள்ளேயே போகவில்லை. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்கிறார்கள். (அவினாசி)

பதில்: சொன்னதற்கு மாறான பொருளையும் பழுதான பொருளையும் திரும்ப வாங்க மாட்டேன் என்று சொல்ல 2020இல் வந்த மின்வணிக விதிகள் விற்பனையாளரை அனுமதிக்கவில்லை. அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்க. 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்க. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கிய பொருள் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. அச்சை உறையோடு போட்டோ எடுத்து வைத்திருக்கிறீர்கள்தானே?

அடுத்த முறை பாத்திரக் கடையில் எடை போட்டு வாங்குங்க, கையில் ஒரு காந்தத்தோடு. பித்தளையில் காந்தம் ஒட்டாது. தோள்வலி உள்ளவர்கள் அழுத்தும் அச்சை விட்டுத் திருகும் அச்சே எடுங்க. கடையிலேயே எல்லாத் தட்டையும் ஒவ்வொன்றாகப் போட்டுத் திருகிப் பாருங்க, கடைக்காரர் முகம் எப்படிப் போனாலும் சரி.

கேள்வி: பேக்கரியில் அரைக் கிலோ காரம் கேட்டால் அட்டைப் பெட்டியோடு எடை போடுகிறார்கள். (கோவை)

பதில்: பெட்டி எடை உங்கள் கணக்கில் வரக் கூடாது. காலிப் பெட்டியைத் தட்டில் வைத்து எண் பூஜ்யம் ஆன பிறகு போடச் சொல்லுங்க. மறுத்தால் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் புகார் செய்யலாம். பாக்கெட் மிக்சர் வாங்குகிறவர்களுக்கு: 2025 செப்டம்பர் 22 முதல் அதற்கான ஜிஎஸ்டி 12லிருந்து 5 சதவீதம். பத்து ரூபாய்ப் பாக்கெட் பத்து ரூபாயாகவே இருந்தால் கிராம் கூடியிருக்கிறதா என்று பாருங்க.

கேள்வி: வீட்டுல சுட்டு அக்கம்பக்கத்துக்கு விக்கறேன். லைசென்ஸ் வேணுமாங்க? (திருப்பூர்)

பதில்: அனுமதி வேணுங்க. சின்ன அளவில் செய்கிறவர்களுக்கு அது லைசென்ஸ் இல்லை, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (FSSAI) பதிவு. அதிலும் 14 இலக்க எண் கிடைக்கும். பதிவு எண் 2இல் தொடங்கும், லைசென்ஸ் எண் 1இல் தொடங்கும். பாக்கெட்டில் அடைத்தால் அந்த எண்ணோடு உங்கள் முகவரி, எடை, தயாரித்த தேதி, விலை, சேர்மானம் எல்லாம் அச்சிட வேண்டும். நோம்பிக்கு மட்டும் சுடுகிறேன் என்பது விலக்கு ஆகாது.

கேள்வி: ஏர் பிரையரில் முறுக்கு சுட முடியுமா? வாங்கலாமா? (பல்லடம்)

பதில்: பிழிந்த பச்சை மாவு அதில் காய்ந்து வறட்டியாகும். முறுக்கு ஆகாது. பொட்டுக்கடலை, நிலக்கடலை வறுக்க, நமுத்த மிக்சரை மொறுமொறுப்பாக்க நன்றாக இருக்கும். அந்த வேலையை வெறும் வடச்சட்டியும் செய்யும்.